வாசகர் கேள்வி – பதில்: ட்ரிப் சுவிட்ச்சைச் சோதிப்பது எப்போது?

கேள்வி: எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச்சில் சோதனைக்கென்று ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. வீடு கட்டிய நாள் முதல் அதை எவரும் அழுத்தியதில்லை. அழுத்தினால் பழுதாகிவிடும் என்கிறார் கணவர். எத்தனை நாளுக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும்?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அழுத்துவதால் அது பழுதாகாது. வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால்தான் உள்ளே இருக்கும் விற்சுருளும் கொளுவியும் தூசியாலும் ஈரத்தாலும் இறுகி, மின் கசியும் வேளையில் நகர மறுக்கக்கூடும். தயாரிப்பாளர்களின் அறிவுறுத்தல்கள் மாதம் ஒரு தடவை என்பதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்பது வரை வேறுபடுகின்றன. கிணற்றடியில் மோட்டரும் ஈர நிலமும் வெறுங்காலும் சேர்ந்திருக்கும் நம் வன்னி வீடுகளுக்கு மூன்று மாதமே பொருத்தம் என்பேன். அவற்றில் ஒரு தடவை ஐப்பசி மழைக்கு முன் அமையட்டும்.

வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதையே இக்கருவி ஓயாமல் ஒப்பிட்டு, வேறுபட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பொத்தானை அழுத்தும்போது அந்தச் சமநிலை செயற்கையாகக் குலைக்கப்படுவதால், பிடி உடனே கீழே விழ வேண்டும். கணினியை முன்னதாக நிறுத்திவிடுங்கள். மின்வெட்டு நேரத்தில் பொத்தான் வேலை செய்யாது. அதைக் கோளாறு என எண்ண வேண்டாம். மின்சாரம் இருந்தும் பிடி விழவில்லையென்றால், கருவியைக் கழற்றித் திருத்த முயலாமல், மின்னியலாளரை அழைத்துப் புதியது பொருத்துங்கள். அதன் முகப்பில் 30 மில்லி அம்பியர், அல்லது 0.03 அம்பியர், என்று பொறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த இடத்தில் 100 மில்லி அம்பியர் என்றிருந்தால் மனித உயிரைக் காக்க அதை நம்ப முடியாது. அருகில் வரிசையாக உள்ள சிறிய பிரேக்கர்களில் இப்பொத்தான் இராது; மிகைச் சுமையையும் குறுஞ்சுற்றையும் தடுப்பதே அவற்றின் வேலை.

கேள்வி: பொத்தானை அழுத்தினால் எங்கள் ட்ரிப் சுவிட்ச் சரியாக விழுகிறது. அப்படியானால் எர்த் கம்பியும் சரியாகத்தானே இருக்கும்?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: அப்படிக் கொள்ள முடியாது. பொத்தானின் மின்னோட்டம் கருவிக்குள்ளேயே சுற்றி முடிகிறது. கசியும் மின்னை நிலத்துக்குக் கடத்தும் எர்த் கம்பியை அது தொடுவதே இல்லை. எர்த் அறுந்திருந்தால், கசிவுள்ள மோட்டரின் உடல், யாராவது தொடும்வரை மின்னேறியே இருக்கும். தொட்டவருக்கு அதிர்ச்சி கிடைத்த பின்னர்தான் சுவிட்ச் விழும். எனவே மின்னியலாளரைக் கொண்டு, உரிய மானியால் எர்த்தை அளந்து பார்க்க வேண்டும். ஆடி, ஆவணியில் மண் வரண்டு எர்த்தின் தடை உயர்வதால், அளப்பதற்கு அம்மாதங்களே ஏற்றவை. மார்கழி ஈரத்தில் அளந்தால் மோசமான எர்த்தும் நல்லதாகவே தோன்றும்.