ஜெக்கில் நல்லவரா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட ஜெக்கில் – ஹைட் குறுநாவலை அறிமுகம் செய்திருந்தோம். லண்டனில் நாலு பேர் மெச்ச வாழும் ஜெக்கில் என்ற மருத்துவர், தாமே கண்டறிந்த ஒரு மருந்தைக் குடித்து ஹைட் என்ற கொடியவனாக உருமாறி, இரவெல்லாம் மனம்போன போக்கில் திரிந்துவிட்டு, மறுபடியும் மருந்தைக் குடித்துப் பழைய உருவத்துக்குத் திரும்புகிறார். நாளடைவில் மருந்து இல்லாமலே ஹைடாக மாறத் தொடங்கி அழிந்துபோகிறார். இதைப் பற்றி நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஜெக்கில் நன்மையின் வடிவம், ஹைட் தீமையின் வடிவம் என்று நாங்கள் குறிப்பெடுத்திருக்கிறோம். அப்படியானால் கதையில் நன்மை ஏன் தோற்றது? தீமையைவிட நன்மைக்கு வலிமை குறைவு என்றுதான் ஆசிரியர் சொல்ல வருகிறாரா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் குறிப்பில் பாதி சரி. ஹைட் கலப்பில்லாத தீமை என்பது உண்மை. ஆனால் ஜெக்கில் கலப்பில்லாத நன்மை என்று கதையில் எந்த இடத்திலும் சொல்லப்படவில்லை. மருந்தைக் கண்டுபிடிப்பதற்கு முன் நல்லதும் கெட்டதும் கலந்த மனிதராக எப்படி இருந்தாரோ, அதற்குப் பிறகும் அப்படியேதான் இருந்தார் என்பதை அவரே தம் இறுதி வாக்குமூலத்தில் எழுதிவைத்துவிட்டுப் போகிறார். மனிதனை இரண்டாகப் பிரிக்கப் புறப்பட்டவர் தீமையை மட்டும் தனியே எடுத்து அதற்கு ஓர் உடம்பைக் கொடுத்தார். நன்மைக்கென்று தனி உடம்பு எதையும் அவர் உண்டாக்கவில்லை. ஆகவே இரண்டும் நேருக்கு நேர் மோதி நன்மை தோற்றது என்று சொல்வதற்கே இடமில்லை.

அந்த மருந்து தெய்வத்தன்மை உடையதும் அன்று, பேய்த்தன்மை உடையதும் அன்று. அது கதவை மட்டுமே திறந்துவிட்டது, அந்த நேரத்தில் உள்ளே எது விழித்திருந்ததோ அது வெளியே வந்தது என்பது ஜெக்கிலின் சொந்த விளக்கம். இன்னும் உயர்ந்த நோக்கத்தோடு அந்தச் சோதனையில் இறங்கியிருந்தால் ஒரு தேவதூதனே வெளிப்பட்டிருக்கக்கூடும் என்றும் அவர் சொல்கிறார். அப்படியானால் அவருடைய நோக்கம்தான் என்ன? அதைத் தெரிந்துகொள்ளக் கொலை நடக்கும் காட்சியைக் காட்டிலும் ஒரு வங்கிக் கணக்கைப் பற்றிய சிறு குறிப்பு எனக்கு அதிகம் உதவுகிறது.

பின்னிரவு மூன்று மணிக்கு ஒரு தெருமுனையில் எதிரே ஓடிவந்த சிறுமியை ஹைட் மிதித்துக்கொண்டே நடந்துபோகிறான். கூட்டம் கூடி அவனைப் பிடித்துக்கொள்ள, நூறு பவுன் நஷ்டஈடு கொடுத்துத் தப்புகிறான். அதில் பெரும்பகுதிக்கு அவன் நீட்டிய காசோலையில் இருந்தது ஜெக்கிலின் கையெழுத்து. இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஜெக்கில் என்ன செய்தார் என்று பாருங்கள். மருந்தை நிறுத்தவில்லை. வேறொரு வங்கியில் ஹைடின் பெயரிலேயே ஒரு கணக்கைத் தொடங்கி, தம்முடைய கையெழுத்தையே பின்பக்கமாகச் சாய்த்து எழுதி, அதை ஹைடின் கையெழுத்தாக ஆக்கிவைத்தார். ஒரு குழந்தை மிதிபட்டது அவரை உறுத்தவில்லை. தம்முடைய பெயர் வெளியே வந்துவிடுமே என்பதுதான் உறுத்தியது. கதையில் பின்னால் கையெழுத்தைப் பார்த்துப் பழகிய ஒருவர், இரண்டும் ஒரே கை, சாய்வுதான் வேறு என்று கண்டுபிடித்துவிடுகிறார். இரண்டு மனிதர்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் கதைக்குள் ஸ்டீவன்சன் வைத்த மிக நுட்பமான சாட்சியம் இதுவே என்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருநாள் காலையில் மருந்து குடிக்காமலே ஹைடின் கையோடு விழித்துக்கொண்ட ஜெக்கில், அஞ்சி, இனி ஹைட் வேண்டாம் என்று முடிவெடுத்து இரண்டு மாதம் ஒழுங்காக இருக்கிறார். ஆனால் ஹைடுக்காக லண்டனின் சோஹோ பகுதியில் ஏற்படுத்திய வீட்டை அவர் விடவில்லை. ஹைடின் உடைகளையும் அழிக்கவில்லை. திரும்பிப் போகும் வழியைத் திறந்துவைத்துக்கொண்டே எடுத்த முடிவு அது. அந்த இரண்டு மாதம் கழிந்ததும் மருந்தைக் குடித்து வெளியே வந்த ஹைட்தான் சர் டான்வர்ஸ் கேரூ என்ற முதியவரைக் கைத்தடியால் அடித்துக் கொல்கிறான்.

அதன் பிறகு ஜெக்கில் உண்மையாகவே வருந்துகிறார், பிறருக்கு உதவுகிறார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரீஜண்ட்ஸ் பூங்காவின் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நான் இத்தனை நன்மை செய்கிறேனே, மற்றவர்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார்களே என்று தம்மைப் பிறரோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட்ட அந்த நொடியில்தான், மருந்தே இல்லாமல், பட்டப்பகலில் ஹைடாக மாறுகிறார். ஒரு கெட்ட எண்ணத்தின் நடுவில் அந்த மாற்றத்தை வைத்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். நல்லவன் என்ற செருக்கின் நடுவில் வைத்ததுதான் இந்த ஆசிரியரின் பெருமை.

ஜெக்கில் தம் வாக்குமூலத்தில், நான் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தேனே தவிர வேடதாரி அல்லன், இரண்டு பக்கமும் எனக்கு உண்மையாகவே இருந்தன என்று வாதாடுகிறார். ஸ்டீவன்சனோ 1887இல் எழுதிய ஒரு கடிதத்தில், கேடு ஜெக்கிலிடம்தான் இருந்தது, ஏனென்றால் அவர் ஒரு வேடதாரி என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். இருவரில் படைத்தவர் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் சுடலைமாடனுக்குக் கோமரத்தாடி, அதாவது அருள்வந்து ஆடுபவர், என் பெரியப்பா. மற்ற நாட்களில் அதிர்ந்துகூடப் பேச மாட்டார். கொடையன்று ராத்திரி அவர் கண்ணைப் பார்க்கவே பயமாக இருக்கும். இந்தக் கதையைச் சொல்லக் கேட்ட என் மகன், “பெரிய தாத்தாவும் ஹைட் மாதிரிதானா?” என்று கேட்டுவிட்டான். என்ன பதில் சொல்வது?
– வாசகர், சீவலப்பேரி அருகிலுள்ள கிராமம்

பதில்: இல்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஆனால் பையன் கேட்டது நல்ல கேள்வி; அதற்கான காரணத்தையும் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

ஹைடாக மாறுகிறவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், பின்வாசல் வழியாக வெளியேறுகிறார். உங்கள் பெரியப்பா மாறுவது ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. கால்நாட்டிய நாளிலிருந்து அவர் விரதம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். வில்லுப்பாட்டில் மாடனின் கதையைப் பாடி, கணியான் கூத்தின் மகுடம் என்ற பறை முழங்கி, உரிய கட்டம் வந்த பிறகே அருள் இறங்குகிறது. நடுச்சாமத்தில் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது எதிரே யாரும் வரக்கூடாது என்று ஊரே வழிவிட்டு ஒதுங்குகிறது. திரும்பி வந்தால் பிள்ளைகளை முன்னே நிறுத்தித் திருநீறு வாங்குகிறார்கள், குறை சொல்லி அழுகிறார்கள், குறி கேட்கிறார்கள். சாமி மலையேறிய பிறகு அவரைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கவும் ஆட்கள் அருகிலேயே நிற்கிறார்கள். அந்த உக்கிரத்துக்கு ஒரு நாள் உண்டு, ஓர் இடம் உண்டு, ஒரு கடமை உண்டு, நூறு சாட்சிகளும் உண்டு. அருளின் பெயரால் யாராவது பழைய பகையைத் தீர்க்க முனைந்தால் ஊர்ப் பெரியவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் இல்லை.

மாடனின் கதையையும் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். பார்வதி ஏந்திய விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்ற குற்றத்துக்காகக் கயிலாயத்திலிருந்து அனுப்பப்படுகிறான். அப்படி வந்தவனுக்குத்தான் நம் மக்கள் ஊர்க்காவலைக் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய பசியை இல்லையென்று மறைக்கவில்லை, அறுத்தெறியவும் இல்லை. படையல் போட்டு, எல்லையில் நிறுத்தி, காவல் காக்கச் சொன்னார்கள். தன்னுடைய பசி தன்னுடையதே அல்ல என்று காட்ட முயன்ற ஜெக்கிலுக்கு அப்படி ஓர் எல்லையும் இல்லை, ஓர் ஊரும் இல்லை. வாக்குமூலத்தின் பிற்பகுதியில் ஹைடைப் பற்றி எழுதும்போது, ‘நான்’ என்று சொல்ல என்னால் முடியவில்லை, ‘அவன்’ என்றே சொல்கிறேன் என்கிறார். கோமரத்தாடியிடமிருந்து அவர் முற்றிலும் விலகி நிற்கும் இடம் அது.

கேள்வி: ஜெக்கிலுக்கு இருந்தது ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி என்கிற மனநோய்தானா?
– ஆசிரியர், சங்கரன்கோவில்

பதில்: அல்ல. ஜெக்கிலுக்கும் ஹைடுக்கும் நினைவு பொது. ஹைட் செய்த ஒவ்வொன்றும் ஜெக்கிலுக்குத் தெரியும். பல ஆளுமைக் கோளாறு என்று முன்பு அழைக்கப்பட்டு, 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர் என்று பெயர் மாற்றப்பட்ட நோயில், நினைவில் விழும் பெரிய இடைவெளிகள் ஒரு முக்கிய அறிகுறி. சிறுவயதில் தொடர்ந்து கடுமையான கொடுமைக்கு ஆளானவர்களிடமே அது பெரும்பாலும் காணப்படுகிறது. ஸ்கிட்சோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு இதிலிருந்து முற்றிலும் வேறானது. அதையும் இதையும் ஒன்றாகப் பேசுவது தவறு. வகுப்பில் பாடம் நடத்தும்போது, நோயாளிகளை ஹைடோடு ஒப்பிட வேண்டாம் என்று மாணவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறரால் காயப்பட்டவர்களே தவிர, பிறரைக் காயப்படுத்தியவர்கள் அல்லர்.

கேள்வி: என் கணவர் குடிக்காத நாட்களில் தங்கமான மனிதர். குடித்துவிட்டால் அடிப்பார். மறுநாள் அவரே அல்வா வாங்கி வந்து, பிள்ளைகளைக் கொஞ்சி, என்னிடம் மன்னிப்பும் கேட்பார். “அவர் நல்லவர், பேசுவது குடிதான்” என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் எழுதியிருந்த கதையைப் படித்ததும் இவர்தான் அந்த ஜெக்கில் என்று தோன்றியது. நான் நம்ப வேண்டியது எந்த மனிதரை?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இரண்டு மனிதர்கள் இல்லை, ஒருவர்தான் இருக்கிறார். உங்களை அடித்த கையும் அல்வாப் பொட்டலத்தை நீட்டிய கையும் ஒன்றே.

கதையில் இதற்கு நேரான ஓர் இடம் உண்டு. ஹைட் செய்த கேட்டை, முடிந்த இடங்களில் எல்லாம், ஜெக்கில் ஓடோடிப் போய்ச் சரிசெய்வார். அப்படிச் செய்யச் செய்ய அவருடைய மனசாட்சி தூங்கிப்போனது என்று அவரே எழுதுகிறார். ஈடு செய்ததால் அவர் திருந்தவில்லை. மறுபடி போவதற்கு அதுவே அவருக்கு வசதி செய்து கொடுத்தது. உங்கள் கணவரின் மறுநாள் அன்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன், அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த அன்பு அவரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறதா என்று பாருங்கள். அழைத்துப் போகாத வரையில் அதை நம்பி உங்கள் உடம்பையும் பிள்ளைகளையும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

குடிதான் பேசுகிறது என்பவர்களுக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதிலும் ஜெக்கிலின் வாக்குமூலத்திலேயே இருக்கிறது: மருந்து கதவைத்தான் திறந்தது. குடித்தால் தமக்கு என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டே ஒருவர் மறுபடியும் குடிக்கும்போது, அந்த முதல் வாய்க்குப் பொறுப்பு தெளிவோடு இருந்த மனிதருக்குத்தான். அதே சமயம், குடிப்பழக்கம் மருத்துவத்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் என்பதும் உண்மை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். பல நாள் விடாமல் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். ஆகையால் நிறுத்துவதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

அவர் வர மறுத்தாலும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உங்களை அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணையையும், அந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கும் உரிமையையும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியும். அதற்கான மனுவைத் தயாரிக்க மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரும் கிடைப்பார். அடிபட்டதும் அரசு மருத்துவமனையில் காட்டி, காயம் எப்படி ஏற்பட்டது என்பதை உள்ளபடியே சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தச் சீட்டை வீட்டில் வைக்காமல் உங்கள் அம்மாவிடமோ நம்பிக்கையான வேறொருவரிடமோ கொடுத்துவையுங்கள்.