லோடு வேனில் ஈசிஎம் போச்சு என்கிறார்கள். புதுசு வாங்குவதா, பழசு போடுவதா?

கேள்வி இதுதான்: பிஎஸ்-4 டீசல் லோடு வேன், ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுவிடுகிறது, மெக்கானிக் ஈசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) மாற்றச் சொல்கிறார், புதுசின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, என்ன செய்யலாம்?

எதை வாங்குவதாக இருந்தாலும் சரி, பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்ச், கழிவு என்று யார் கேட்டாலும் இப்போதைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வண்டிக்கே உரிய விவரங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினால் மட்டும் வண்டி ஓடாது.

நான் ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லோடு அடிப்பவன், மெக்கானிக் இல்லை. என் வண்டிக்கு இந்த வேலை நடந்தபோது கூடவே நின்று பார்த்ததையும், எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்லித் தந்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

உண்மையிலேயே போனது ஈசிஎம்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். காரணம் பிடிபடாத கோளாறு எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவது பட்டறைகளில் வழக்கம். சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் செக் லைட் எரிய வேண்டும். எரியவே இல்லை, கோளாறு பார்க்கும் ஸ்கேனர் கருவியும் ஈசிஎம்மோடு பேசவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்குக் கரண்ட்டே வராமல் இருக்கலாம். மெயின் ரிலே, அதன் ஃபியூஸ், எர்த் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் பெட்டியைக் குறை சொல்லலாம்.

இந்த மூன்றில் அதிகம் ஏமாற்றுவது எர்த். கண்ணுக்கு போல்ட் இறுக்கமாகத் தெரியும், அடியில் துரு இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை ஈசிஎம்முக்கு வரும் எர்த் வயரிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுமார் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதே நேரத்தில் பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் சந்தேகப்படுங்கள். வோல்டேஜ் போதாவிட்டால் ஈசிஎம் தாறுமாறான கோடுகளை, அதாவது ஸ்கேனரில் தெரியும் கோளாறு எண்களைக் காட்டும்.

அடுத்தது 5 வோல்ட் சமாச்சாரம். பல சென்சார்களுக்கு ஈசிஎம்தான் 5 வோல்ட் அனுப்புகிறது, அதுவும் இரண்டு மூன்று சென்சாருக்குச் சேர்த்து ஒரே லைனில். அதில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலும், வயர் பாடியில் உரசித் தோல் போனாலும், அந்த லைன் முழுக்கப் படுத்துவிடும். ஸ்கேனர் பி0642 மாதிரி ஒரு கோடு காட்டும். பார்ப்பவர் பெட்டி சப்ளை கொடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். அப்படி வந்தால் சென்சார் கப்ளர்களை (வயர் சொருகும் பிளக்) ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, கோளாறு அங்கேதான். சில நூறு ரூபாய் வயரிங் வேலைக்கு ஈசிஎம் மாற்றிய வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

பி0606, பி0601 இரண்டும் பெட்டிக்குள்ளேயே கோளாறு என்று சொல்லும் கோடுகள். முன்னது பிராசஸர், பின்னது மெமரி. பேட்டரியும் எர்த்தும் சரியாக இருந்து, அழித்த பிறகும் இவை திரும்பத் திரும்ப வந்தால் மெக்கானிக் சொல்வதை நம்பலாம்.

என் வண்டியில் கோடே ஒழுங்காக நிற்கவில்லை. மதிய வெயிலில் லோடோடு போகும்போது நிற்கும், ஆறினால் ஸ்டார்ட் ஆகும். இப்படி வந்தால் எல்லாரும் முதலில், என்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைத்தான் மாற்றுவார்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், எனக்கும் மாற்றினார்கள். தீரவில்லை. அண்ணன் என்ஜினை ஐடிலில் விட்டு, தலைமுடி காய வைக்கும் ட்ரையரால் ஈசிஎம் பெட்டியை மட்டும் சூடாக்கினார். என்ஜின் நின்றது. ஆற விட்டதும் பிடித்தது. மறுபடி சூடாக்கினார், மறுபடி நின்றது. அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. பிரித்துப் பார்த்தபோது கப்ளர் வழியாக உள்ளே போன தண்ணீரில் போர்டின் ஓரம் பச்சை பூத்திருந்தது. வாட்டர் சர்வீஸ் விடும்போது பிரஷர் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அப்போதுதான் சொன்னார்.

சரி, ஈசிஎம்தான் என்று உறுதியாகிவிட்டது. இனி எல்லாம் பழைய பெட்டியிலிருந்து டேட்டாவை எடுக்க முடியுமா என்பதைப் பொறுத்தது.

எடுக்க முடிந்தால், அதே நம்பர் கொண்ட இன்னொரு பெட்டியை வாங்கி இதில் உள்ளதை அப்படியே அதில் எழுதிவிடலாம். இதைத்தான் க்ளோனிங் என்கிறார்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு), இஞ்செக்டர் கோடு எல்லாம் சேர்ந்தே வந்துவிடும், சாவியை மறுபடி சேர்க்கத் தேவையில்லை. நானும் இதைத்தான் செய்தேன், உங்களுக்கும் இதையே சொல்வேன். இப்படி எழுதுவதற்கான செகண்ட் ஹேண்ட் பெட்டி சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும். மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் ஹார்டுவேர் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரே வண்டி, ஒரே வருஷம் என்று கடைக்காரர் சொல்வது போதாது. போஷ் பெட்டியாக இருந்தால் டீசலுக்கு 0281 என்றும் பெட்ரோலுக்கு 0261 என்றும் நம்பர் தொடங்கும். மூடியின் பசையைக் கிழித்து ஒட்டிய தடம், பின்களில் பச்சை தெரிந்தால் வேண்டாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள், திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் வம்பு.

போர்டு ரிப்பேரும் மோசமில்லை. இஞ்செக்டருக்குக் கரண்ட் தரும் டிரைவர் ஐசி, வீங்கிய கெபாசிட்டர், விட்டுப்போன சால்டரிங் இவையெல்லாம் தெரிந்த ஆள் செய்தால் நிற்கும். தண்ணீர் இறங்கி அரித்த போர்டு என்றால் நான் நம்பமாட்டேன். இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்கு நடுரோட்டில் நிற்கும்.

டேட்டாவே எடுக்க முடியாத அளவுக்குப் பிராசஸர் செத்துவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதுசு வாங்குவதுதான் நல்லது. ஆர்.சி. நகலும், உங்களிடம் உள்ள எல்லாச் சாவிகளும் கையில் இருக்கட்டும். விலை கேட்கும்போது புரோகிராமிங் கூலி தனியா, சேர்த்தா என்றும் கேளுங்கள்.

இந்த வழியில் போனால் இஞ்செக்டர் கோடுகளை மறக்கவே கூடாது. ஒவ்வொரு இஞ்செக்டரும் எவ்வளவு கூடக் குறைய டீசல் விடும் என்பதைச் சொல்லும் கோடு அதன் தலையில் பொறித்திருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டு போனில் படம் எடுங்கள், எந்த சிலிண்டரில் எது என்றும் குறியுங்கள். அதைப் பெட்டியில் ஏற்றாவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடிலில் நடுங்கும், புகை தள்ளும். அப்புறம் பம்ப், இஞ்செக்டர் என்று அடுத்த செலவு தொடங்கிவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், சைலன்சர் பக்கம் உள்ள டிபிஎஃப் ஃபில்டரில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்ற கணக்கையும் புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடைத்த ஃபில்டரை அது காலி என்று நினைத்துக்கொள்ளும். க்ளோன் செய்கிறவர் “அண்ணே, அப்படியே இஜிஆரை ஆஃப் பண்ணி பவரையும் ஏத்திடவா?” என்று கேட்பார். இஜிஆர் என்பது புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பி மாசைக் குறைக்கும் அமைப்பு. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சட்டப்படியும் தவறு, என்ஜினுக்கும் கேடு.

மாட்டும் வேலை சின்னது. சாவியை ஆஃப் செய்து சில நிமிஷம் விட்டு, பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகே கப்ளரில் கை வைக்க வேண்டும். பின்களை விரலால் தொடக்கூடாது, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். புரோகிராம் ஏறும்போது பேட்டரிக்குச் சார்ஜர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் புதுப் பெட்டியும் காலி. முடிந்ததும் ஆளில்லாத ரோட்டில் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காசு கொடுக்காதீர்கள், லோடு ஏற்றி மேட்டில் ஓட்டிப் பாருங்கள்.

வண்டியில் பாடி வேலை, சைடு பலகைக்குக் கம்பி அடிப்பது ஏதாவது பாக்கி இருந்தால் புதுப் பெட்டியை மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். எஃப்.சி. நேரத்தில் பேட்டரியைக் கழற்றாமல் சேஸில் வெல்டிங் வைத்து ஈசிஎம் போன வண்டிகள் எங்கள் ஸ்டாண்டிலேயே உண்டு. பிறகு செய்துதான் ஆக வேண்டும் என்றால் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும், ஈசிஎம் கப்ளரையும் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பையும் பற்ற வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.