தொடர்ந்து தோற்கும்போது என்னை நானே வெறுக்காமல் இருப்பது எப்படி?

குரூப் 2 முதன்மைத் தேர்வு மறுபடியும் கைவிட்டுப் போனது, நிச்சயமான கல்யாணமும் நின்றுவிட்டது, 'எல்லாத்துக்கும் நான்தான் காரணம்' என்று ராத்திரியெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது என எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது என் அப்பா ஞாபகம்தான் வந்தது.

எங்களுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியதில் பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி என்று தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. எங்கள் தோப்பிலும் மிச்சம் கொஞ்சம்தான். அப்பா அழவில்லை. "நெல்லோட நின்னுருக்கணும், தென்னைக்குப் போனது என் கெட்ட புத்தி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால்தான் எங்களுக்குக் குறுவை நெல். திறக்காத வருஷங்களைப் பார்த்து, யோசித்துத்தான் தென்னை வைத்தார். அது அவருக்கே மறந்துவிட்டது.

பக்கத்துத் தோப்பு மாமா ஒருநாள் கேட்டார்: "ஏன் மச்சான், காத்த நீயா வரச்சொன்ன?"

அதனால் அப்பா உடனே தேறிவிடவில்லை. ஆனால் எனக்கு ஒன்று உறைத்தது. முதல் நாள் அதே மாமாவிடம் "உன் மேல என்னப்பா தப்பு" என்று தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டு வந்தவர் அப்பாதான். அடுத்தவருக்குத் தாராளமாகக் கொடுத்ததைத் தனக்கு மட்டும் தர அவருக்கு மனசு வரவில்லை.

உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-லிருந்து தன்பரிவைப் பற்றி எழுதிவருகிறார். அவர் சொல்வது மூன்று: தன்னிடம் கனிவு, தோல்வி மனிதர் எல்லோருக்கும் வருவது என்ற நினைப்பு, வலியை ஊதிப் பெருக்காமலும் மூடி மறைக்காமலும் பார்ப்பது. பலருக்கு இந்த நடு விஷயம்தான் விட்டுப்போகிறது. தோற்றவர் ஊரிலேயே தான் ஒருவர்தான் என்று தோன்றிவிடுகிறது.

'என்னைத் திட்டாவிட்டால் சோம்பேறியாகிவிடுவேனே' என்று பயப்பட வேண்டாம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தன்னிடம் பரிவாக இருக்கச் சொல்லப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள்.

ஒரு தாளை எடுங்கள். உங்கள் தங்கைக்கு இதே நிலை வந்தால் அவளிடம் என்ன சொல்வீர்களோ, அதை உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். கூச்சமாக இருக்கும், எழுதுங்கள். பிறகு தேர்வை மட்டும் தனியாக எடுத்து, எந்தப் பகுதியில் மதிப்பெண் போனது என்று பாருங்கள். கல்யாணம் நின்றதை அதோடு சேர்க்காதீர்கள்; அந்த முடிவில் இன்னொரு குடும்பமும் இருக்கிறது.

அவசரப்படவும் வேண்டாம். நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை அப்பா கன்றுகளுக்கு நடுவே உளுந்தும் கடலையும் போட்டார். சோற்றுக்கும் ஆனது, கைக்கும் வேலை இருந்தது. அடுத்த தேர்வு வரைக்கும் டியூஷனோ கடை வேலையோ, உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் இல்லையென்றாலோ, செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலோ, 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கு முன்பே கூப்பிட்டாலும் தப்பில்லை.