மாணவியின் நாவலுக்கு மதிப்பெண் போடலாமா?

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்த மாணவி ஒருவர் பதினான்கு முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதிவருகிறார். இதுவரை எழுதிய ஒன்பது அத்தியாயங்களைக் கொடுத்து, ‘படித்துவிட்டு மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள் சார்’ என்றார். ஆறு அத்தியாயங்களைத் திருத்தி அனுப்பினேன். மூன்று வாரமாகப் பேச்சு மூச்சே இல்லை. மீதி மூன்றுக்கு எப்படிக் கருத்துச் சொல்வது? திருத்திய பக்கங்கள் சிலவற்றை இணைத்துள்ளேன்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: ஐயா, பக்கங்களைப் பார்த்தேன். முடியாத ஒரு கைப்பிரதியை மூன்றாம் ஆளிடம் காட்டும்முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதனால் கதையையும் பெயர்களையும் கொஞ்சம் மாற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

நீங்கள் போட்ட திருத்தங்களில் ஒன்றுகூடத் தவறில்லை. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது, ஒருமை பன்மை மயக்கம் தெளிந்திருக்கிறது. ஆனால் அவர் மனத்தில் பட்டதைக் கேட்டார், நீங்கள் கண்ணில் பட்டதைக் கொடுத்திருக்கிறீர்கள். நாளை வெட்டப்படக்கூடிய ஒரு பத்தியில் ஒற்றுப் பிழை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மெய்ப்புப் பார்க்கும் நாள் வரும். அன்றைக்கு உங்களைப் போன்ற ஒருவர் கிடைப்பது இந்த ஊரில் எளிதல்ல. இன்று அது வேண்டாம்.

உங்கள் பேனா பட்ட இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தில், பதினைந்து வயதுக் கயல் தன் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையருகே நிற்கிறாள். தோழி படம் பார்க்கக் கூப்பிடுகிறாள். ‘வரல, விடு’ என்கிறாள் கயல். நீங்கள் அதை அடித்துவிட்டு, ‘நான் வரவில்லை, என்னை விட்டுவிடு’ என்று எழுதி, ஓரத்தில் ‘கொச்சை’ என்று குறித்திருக்கிறீர்கள். திருத்தியதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அவளை யாரோ கடத்திக்கொண்டு போவதுபோல் இருக்கிறது! முந்தைய பக்கத்தில்தான் அவள் அம்மாவுக்கு வேலை போயிருக்கிறது. டிக்கெட்டுக்குக் காசில்லை என்பதைச் சொல்லவும் முடியாமல், பொய் சொல்லவும் வராமல், பேச்சை முடிக்கப் பார்க்கிற பிள்ளையின் சொல் அந்த ‘விடு’. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் நான் நின்று படித்த இடம் அதுதான்.

பேச்சுத்தமிழுக்கு நான் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. 2005இல் நம் பள்ளித் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவே வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கேட்டது. அந்த மாற்றத்தை வகுப்பில் நடத்திக் காட்டியவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். எடுத்துரைப்பு எழுத்து வழக்கிலும் உரையாடல் பேச்சு வழக்கிலும் இருப்பது நம் நாவல்களுக்குப் பழகிய ஏற்பாடுதான். கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தப் பக்கங்களில் கயலும் அவள் பாட்டியும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். எழுபது வயதின் தமிழும் பதினைந்து வயதின் தமிழும் ஒன்றாக இருக்குமா? இதைச் சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

இனி ஆறாம் அத்தியாயம். அதே கல்மேசை. அப்பா உழைப்பின் அருமையைப் பற்றி இரண்டரைப் பக்கம் பேசுகிறார், கயல் கண்கலங்கித் தலையசைக்கிறாள். ஓரத்தில் ‘மிக அருமை!’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்த பக்கங்களில் உங்கள் பாராட்டு அது ஒன்றுதான்.

எனக்கென்னவோ நாவல் அங்கேதான் படுத்துக்கொண்டுவிட்டது. பள்ளியில் நிதியுதவி கேட்பதா, தோழிகளுக்குத் தெரிந்துவிடுமே என்று பேசாமல் இருப்பதா என்று ஐந்து அத்தியாயங்களாக உள்ளுக்குள் உழன்றவள் கயல். முடிச்சு அவளுடையது. அவிழ்ப்பது அப்பா. பெரியவர்களாகிய நமக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில் வியப்பில்லை, நாம் வாழ்நாள் முழுக்க நிகழ்த்திய பேச்சல்லவா! பதினைந்து வயது வாசகர் அதைத் தினமும் வீட்டில் இலவசமாகக் கேட்கிறார். தன் வயதுக்காரி ஒருத்தி தானாக முடிவெடுப்பதை, தப்பான முடிவாக இருந்தாலும், பார்க்கத்தான் அவர் புத்தகத்தைத் திறக்கிறார். இளையர் நாவலில் அப்பா நல்லவராக இருக்கலாம், அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். முடிவு மட்டும் அவர் கையில் இருக்கக் கூடாது. மீதி மூன்று அத்தியாயங்களில் வேறெதைத் தவறவிட்டாலும், எந்த முடிவை யார் எடுக்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

அதற்காக ‘அப்பாவின் பேச்சை வெட்டு’ என்று சொல்லிவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒருவரிடம், கதையில் வரும் தாத்தா தேவையில்லை என்றேன். மரியாதைக்காக அவர் எடுத்துவிட்டார். கதை சுத்தமாகத்தான் இருந்தது, துடைத்துவைத்த காலிப் பாத்திரம்போல. தாத்தா திரும்பி வர எட்டு மாதம் ஆனது. உங்கள் மாணவிக்கு உங்கள்மேல் இருக்கும் மரியாதை அதைவிடப் பெரியது. நீங்கள் சொன்னால் வெட்டிவிடுவார், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. படித்தபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் சொல்லுங்கள்: ‘அப்பா பேசி முடித்ததும் கயல் என்ன நினைத்தாள் என்று தேடினேன், கிடைக்கவில்லை.’ என்ன செய்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

தகவல் பிழைகளில் கதையையே அசைப்பவற்றை இப்போதே சொல்லிவிடலாம். நான்காம் அத்தியாயத்தில் கயல் வழக்கநிலை வகுப்பில் இருக்கிறாள். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து தேர்ச்சியைப் பார்த்து மாணவர்களைப் பிரித்த விரைவுநிலை (எக்ஸ்பிரஸ்), வழக்கநிலை என்ற பிரிவுகளே கிடையாது, ஒவ்வொரு பாடத்தையும் தத்தம் தரத்துக்கேற்ற நிலையில் படிக்கிறார்கள். ஆகவே கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று கேளுங்கள். விடை எதுவானாலும் நஷ்டமில்லை. பிரிவுகள் ஒழிந்த பிறகும் அப்பா ‘நீ எக்ஸ்பிரஸில் இருந்திருந்தால்’ என்றே பேசிக்கொண்டிருந்தால், அது இரண்டரைப் பக்கம் செய்யாத வேலையை ஒரே வரியில் செய்துவிடும். (பார்த்தீர்களா, நானே வழி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.)

வாசிக்கும்போது பேனாவுக்குப் பதில் பென்சில். பிடித்துப்போன வரிக்கு ஓரத்தில் ஒரு கோடு, கவனம் கலைந்த இடத்துக்கு ஒரு நெளிகோடு, புரியாத இடத்துக்குக் கேள்விக்குறி. மூன்றே குறிகள், சொற்கள் வேண்டாம். படித்து முடித்ததும், இது எதைப் பற்றிய கதை என்று உங்களுக்குத் தோன்றியதை இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நேரில் சந்திக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது அந்த இரண்டு வரிதான். அவர் மனத்தில் இருக்கும் கதையும் உங்கள் வரிகளும் பொருந்தாவிட்டால், பேச வேண்டியது தானாகவே மேலே வந்துவிடும். பிறகு அவர் கேட்கட்டும். பெரிய விஷயங்கள் மூன்றுக்குமேல் ஒரே நாளில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். பிடித்த வரிகளைப் படித்தே காட்டுங்கள், பொத்தாம்பொதுவாக ‘நன்று’ என்பது யாருக்கும் உதவாது.

அந்த வயதுப் பிள்ளைகள் யாராவது இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எழுதியவரின் உறவுக்காரப் பிள்ளைகளாக இல்லாமல். ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். ‘எந்தப் பக்கத்தில் கைத்தொலைபேசியை எடுத்தாய்?’ என்று கேட்டால் உண்மை வரும்.

மூன்று வார மௌனத்தை முதலில் நீங்கள்தான் கலைக்க வேண்டும். இப்படி எழுதலாம்: ‘ஆறு அத்தியாயங்களையும் தேர்வுத்தாள்போல் திருத்திவிட்டேன், நீ கேட்டது அதுவல்ல என்பது இப்போதுதான் உறைத்தது. சில பக்கங்களை உன்னைக் கேட்காமல் ஒருவரிடம் காட்டினேன், அதற்கும் வருந்துகிறேன். திருத்தாத பிரதி ஒன்று கொடு, முதலிலிருந்து படிக்கிறேன். கயல் சொன்ன அந்த ‘விடு’ சரிதான், நான்தான் தவறாக அடித்துவிட்டேன்.’