பள்ளத்துப் பனி

அன்புள்ள அண்ணா,

ஊட்டிக் குளிரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை எங்கள் பள்ளித் தோழிகள் குழுவில் பகிர்ந்தேன். ஒரு சண்டை வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் 1984இல் ஊட்டியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். வாட்ஸப்பில் 31 பேர் இருக்கிறோம். நான் திருப்பூரில் இருக்கிறேன். குழுவில் வழக்கமாக வருவது வீட்டுச் செய்திகள்தான். மகளுக்கு வளைகாப்பு, வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்தது, மாமியார் தவறியது. கைகூப்பும் படமோ பூங்கொத்தோ போடுவோம், அதோடு சரி. உங்கள் கட்டுரையைப் போட்ட அன்று மட்டும் ராத்திரி பன்னிரண்டு மணிவரை பேச்சு ஓடியது. வாயில் ஆவிவிட்டு பீடி குடிப்பதுபோல நடித்தது, உறைந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்தது, எல்லாம்.

காந்தலில் இருந்த தோழி ஒருத்தி எழுதினாள்: 'எங்க வீட்டுக் குழாயில தண்ணி உறைஞ்சிடும். அம்மா விடியக்காலம் சுடுதண்ணி ஊத்தித்தான் திறப்பாங்க. கை வெடிச்சு ரத்தம் வரும்.' எல்க்ஹில்லில் இருந்த இன்னொருத்தி, 'சும்மா கதை விடாதே. நானும் ஊட்டிதான். குழாய் உறைஞ்சு நான் பார்த்ததே இல்ல' என்றாள். நான் ஒரு சிரிப்புப் படம் போட்டேன். 'உங்க வீட்டுக்கு வரலைன்னா ஊருக்கே வரலையா?' என்று கேட்டுவிட்டு காந்தல்காரி குழுவைவிட்டு வெளியேறிவிட்டாள்.

யார் சொல்வது சரி? நீங்கள் சொன்னால் கேட்பார்கள். என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு பேரும் சொல்வது சரி. பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் இப்படிச் சொல்லி நழுவுவது ஊர் வழக்கம்தான். ஆனால் இந்த வழக்கில் உண்மையே அதுதான்.

ஊட்டியில் சினிமாவில் வருவதுபோல வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக எதுவும் கொட்டுவதில்லை. தமிழில் எல்லாவற்றுக்கும் 'பனி' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறோம். நம் ஊர்க்காரர்கள் மட்டும் கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலில் வருவது நீர்ப்பனி, அப்போது புல் நனைந்து கிடக்கும். அடுத்து உறைபனி. மேகமில்லாத, காற்று அசையாத ராத்திரியில், பகலில் வாங்கிய சூட்டைத் தரை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வைபோலப் பிடித்துவைக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுக்காரருக்கு வெறும் குளிர், பள்ளத்துக்காரருக்கு உறைபனி. செய்தியில் 4 டிகிரி என்று சொல்வது ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானியின் கணக்கு. அதே நேரத்தில் புல்நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும்.

வருஷா வருஷம் 'மினி காஷ்மீர்' என்று பத்திரிகையில் படம் வருமே (காஷ்மீர்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ), அந்த இடங்களை நினைத்துப் பாருங்கள். குதிரைப் பந்தயம் நடந்துவந்த மைதானம், தாவரவியல் பூங்கா, காந்தல், தலைகுந்தா. பெரும்பாலும் தாழ்வான இடங்கள். பந்தய மைதானமும் பஸ் ஸ்டாண்டும் இருக்கும் இடம், கோவை கலெக்டராக இருந்த சல்லிவன் 1820களில் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரியின் பழைய பரப்பு. ஏரி சுருங்கிவிட்டது. தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது குளிர் நிற்கிறது.

எல்க்ஹில் சரிவு, காந்தல் பள்ளம். ஒரே ஊர், ஒரே வகுப்பு, ஒரே மார்கழி. ஆனால் உங்கள் தோழிகள் இருவரும் வேறு வேறு குளிரில் விழித்து எழுந்து பள்ளிக்கு வந்திருக்கிறார்கள். பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடிவைப்பார்கள். தேயிலைக்குத் தாகை என்ற செடியைப் பரப்புவார்கள். பள்ளத்து வீட்டுக் குழாய்க்கு உங்கள் தோழியின் அம்மாதான் இருந்திருக்கிறார்.

நானும் மேட்டுக்காரன். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் பள்ளத்துக்காரன். அவன் அப்பா மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்குபவர், ராத்திரி மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார். ஒருநாள் அவன் எனக்குக் காட்டுவதற்காக ஒரு பனித்தகட்டைக் காகிதத்தில் சுற்றி டவுசர் பையில் வைத்துக்கொண்டு வந்தான். பை நனைந்ததுதான் மிச்சம். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் ஆசை விடவில்லை. ஒரு சனிக்கிழமை அவன் வீட்டில் தங்கப் போனேன்.

ஒரு தட்டில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தகரக் கூரைமேல் வைத்தோம். உள்ளே இரும்புச் சட்டியில் சீகை மரக் கரி கனன்றுகொண்டிருந்தது. நாங்கள் படுத்ததும் அவன் அம்மா அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். எனக்கு ஏமாற்றம். (அறையைச் சாத்திக்கொண்டு கரி நெருப்போடு தூங்கி, எழாமலே போனவர்களைப் பற்றிய செய்தி இன்றும் மலையிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.)

காலையில் தட்டை இறக்கினோம். ஓரத்தில் ஊசி ஊசியாகவும் நடுவில் சேறுபோலவும் இருந்தது. நக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. அண்டாத் தண்ணீர்மேல் கண்ணாடிபோல ஒரு தகடு படர்ந்திருந்தது. அவன் அம்மா அதைக் கரண்டிக் காம்பால் தட்டி உடைத்து, சில்லுகளை விரலால் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். டீக்குத் தண்ணீர் வேண்டுமே. 'ஐயோ, உடைக்காதீங்க அத்தை!' என்று ஓடினேன். சிரித்துக்கொண்டே ஒரு பெரிய சில்லை என் கையில் கொடுத்தார். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் வழியாக எதிர் மலையைப் பார்த்தேன். ஒழுகி முழங்கைக்கு வரும்வரை பார்த்தேன். மலை ஞாபகம் இருக்கிறது. எனக்குச் சில்லைக் கொடுத்த கை எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

என் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் பெருமையடித்தேன். ஒரு ராத்திரி தங்கிய நான் இன்றைக்கும் உறைபனியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், நீங்களும் பகிர்கிறீர்கள்.

போன மார்கழியில் அவன் கூப்பிட்டான். இப்போது கோவையில் மகள் வீட்டில் இருக்கிறான். 'என்னடா, இந்த வருஷம் வெள்ளையா விழுந்துச்சா?' என்றுதான் ஆரம்பித்தான். தட்டு, தகரக் கூரை, நனைந்த டவுசர் என்று கால் மணி நேரம் ஓடியது. 'அந்த அண்டாவ இன்னும் வெச்சிருக்கேன்டா' என்றான். கொஞ்சம் நிறுத்தி, 'அம்மா ஆவணியிலயே போயிட்டாங்க' என்றான்.

நாலு மாதம். எங்களுக்கும் ஒரு குழு உண்டு, அவனும் அதில் இருக்கிறான். ஏன்டா போடவில்லை என்று கேட்டேன். 'போட்டா நாப்பது பேர் கைகூப்புவாங்க. அவங்க வெச்ச டீயைக் குடிச்சவன் அதுல நீ ஒருத்தன்தான்' என்றான்.

உங்கள் கடிதம் வந்த பிறகு, காந்தல் தோழி எழுதியதை இரண்டு மூன்று முறை படித்தேன். பனி என்ற சொல்லே அதில் இல்லை. குழாய், சுடுதண்ணீர், வெடித்த கை. எல்லாம் அம்மா. 31 பேரில் ஒருவராவது 'அம்மா எப்படி இருக்காங்க?' என்று கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டிருந்து, நீங்கள் எழுத விட்டிருந்தால் மன்னியுங்கள்.

எல்க்ஹில் தோழியைக் கோபிக்க வேண்டாம். அவர் பார்த்ததைச் சொன்னார். கதை விடாதே என்றதுதான் கொஞ்சம் அதிகம். மேடு பள்ள விவரத்தை அவருக்கு நீங்களே படித்துக்காட்டுங்கள். ஆனால் இந்தப் பதிலைக் குழுவில் போட்டு, 'அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார், திரும்பி வா' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காந்தல்காரரைப் போனில் கூப்பிடுங்கள். சிரிப்புப் படத்துக்கு மன்னிப்பெல்லாம் பெரிதாகக் கேட்க வேண்டாம், அவர் சங்கடப்படுவார். அந்தக் குழாய் வீட்டுக்கு உள்ளே இருந்ததா, வாசலில் இருந்ததா என்று கேளுங்கள். மற்றதை அவரே சொல்வார்.

இன்னும் காந்தலிலேயே இருக்கிறார் என்றால் காலையில் கூப்பிடாதீர்கள். குழாயடியில் இருப்பார்.