கனமான குவார்க்குகள்: கேட்டதும் சொன்னதும்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து எம்.எஸ்சி. பிள்ளைகள் கேட்டவை. குவார்க் என்பது புரோட்டானைப் போன்ற துகள்களைக் கட்டும் அடிப்படைத் துகள்; சார்மும் பாட்டமும் அதில் கனமான வகைகள்.

திருவையாற்றிலிருந்து: சார், சார்ம் குவார்க்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

துகள் முடுக்கியில் ஈய அணுக்கருக்கள் மோதிய உடனேயே, குவார்க்-குளுவான் பிளாஸ்மா, அதாவது குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து ஓடும் சூடான குழம்பு, உருவாகும் முன்பே அது பிறந்துவிடுகிறது. நிறையையும் வெப்பநிலையையும் ஜிஇவி என்ற ஒரே ஆற்றல் அலகில் சொன்னால், நிறை சுமார் 1.3 ஜிஇவி, பிளாஸ்மாவின் வெப்பநிலையோ 0.3, 0.4 ஜிஇவி. அந்தச் சூட்டில் புதிதாகப் பிறப்பது மிகக் குறைவு. குடமுருட்டியில் தண்ணீர் வரும் அன்று படித்துறையில் நின்று பாருங்கள். வைக்கோல் விழுந்ததும் நீரின் வேகத்துக்கு வந்துவிடும். மட்டைத் தேங்காய் தயங்கி, புரண்டு, கொஞ்ச தூரம் போன பிறகுதான் சேரும். அந்தத் தயக்கத்தை அளந்தால் நீரின் இழுவை தெரியும். பிளாஸ்மாதான் அந்த நீர், சார்ம்தான் அந்தத் தேங்காய்.

மன்னார்குடியிலிருந்து: பிளாஸ்மாவில் கனமான குவார்க் நகர்வதைக் கணக்கிட லாங்கெவின் சமன்பாடே போதுமா?

பாட்டம் குவார்க்குக்குப் பெரும்பாலும் போதும், நிறை 4 ஜிஇவிக்கு மேல். லாங்கெவினில் ஒரு இழுவை, அதோடு தற்செயலான சிறு உதைகள். ஒவ்வொரு உதையும் சிறியதாக இருந்தால்தான் அந்தச் சமன்பாடு செல்லுபடியாகும். சார்முக்கு ஒரே மோதலில் உந்தம் கணிசமாக மாறலாம். அங்கே போல்ட்ஸ்மான் சமன்பாட்டில் மோதல் மோதலாகக் கணக்கிட்டால் உந்தப் பரவல் வேறு வடிவில் வருகிறது.

கும்பகோணத்திலிருந்து: ஏற்க மாட்டேன் சார். லாங்கெவினும் தரவோடு பொருந்துகிறதே?

எதோடு பொருந்துகிறது தம்பி? ஆர்ஏஏவோடு மட்டும்தானே? புரோட்டான் மோதலை வைத்து எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் ஈய மோதலில் எத்தனை பங்கு மிஞ்சியது என்பதுதான் அது. இழுவைக் குணகத்தை, அதாவது இழுவையின் வலிமையைச் சொல்லும் எண்ணைத் திருகினால் எந்த மாதிரியும் அதற்குப் பொருந்தும். வி2வையும், அதாவது எந்தத் திசையில் அதிகம் பாய்ந்தன என்பதையும், அதே குணகத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். அங்கேதான் பல மாதிரிகள் திணறின.

மறுபடி கும்பகோணம்: குணகம் வெப்பநிலையோடு மாறினால்?

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். வி2 பெரும்பாலும் பிளாஸ்மா ஆறிய பிறகு வளர்கிறது. ஆர்ஏஏ தொடக்கத்திலேயே விழத் தொடங்குகிறது. கடைசிக் கட்டத்தில் இழுவை குறையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றாக வரும். இந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனாலும் ஆர்ஏஏவை மட்டும் பொருத்திவிட்டு நிறுத்தாதீர்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: இந்த மோதல்களால் கருந்துளை வருமா?

மூன்றாவது முறை இந்தக் கேள்வி. வராது. இதைவிட ஆற்றல் மிகுந்த காஸ்மிக் கதிர்கள் காலங்காலமாக நம் மேல் விழுகின்றன.

மயிலாடுதுறையிலிருந்து: இதைக் கணக்கிடும் கணினி நிரலை எங்கே தொடங்குவது?

மாறாத வெப்பநிலையுள்ள ஒரு பெட்டியில். இழுவைக்கும் உதைக்கும் ஐன்ஸ்டீன் உறவு, அதாவது வெப்பநிலை தீர்மானிக்கும் விகிதம், சரியாக இருந்தால் குவார்க்குகள் அந்த வெப்பநிலைக்கே வந்து நிற்கும். நிற்காவிட்டால் நேர அடியை, அதாவது நிரல் ஒவ்வொரு முறையும் முன்னே நகரும் சிறு நேரத்தைப் பாதியாக்குங்கள். அப்புறமும் நிற்கவில்லையா, நிரலை அனுப்புங்கள், பார்க்கிறேன்.