கூடங்குளமும் தாக்கக்கூடாத பட்டியலும்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு ராதாபுரம் பக்கம். 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்தபோது எங்க ஊர் டீக்கடையில் ஒரே பேச்சு: 'சண்டை பெருத்தா முதல் குண்டு கூடங்குளத்துக்குத்தான்.' அம்மா இன்னும் அதையே சொல்லிப் பயப்படுகிறாள். எதை அடிப்பது என்று ராணுவத்தில் எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மாவுக்கு. அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மின் உலைகளும் அதில் அடக்கம். 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தத்தம் நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிக் கைமாற்றிக்கொள்கிறார்கள். கார்கில் சண்டைக்கு அடுத்த ஜனவரியிலும் அது நிற்கவில்லை.

பெரிய கட்டடம் என்றால் முதல் குண்டு என்பது டீக்கடைக் கணக்கு. திட்டமிடுகிறவர் கேட்பது வேறு: இது இல்லாமல் போனால் எதிரியால் எந்த வேலையைச் செய்ய முடியாது? திருநெல்வேலியில் நம்ம சுலோசன முதலியார் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸும் காய்கறி லாரியும் போகிறவரை அது வெறும் பாலம். நாளைக்கே பீரங்கி வண்டிகள் அதில் வரிசை கட்டினால் அது இலக்காகலாம். அவை கடந்து போனபின் இடித்து ஒரு பயனும் இல்லை என்றால் மறுபடி வெறும் பாலம். போரில் எதைத் தாக்கலாம், கூடாது என்று சொல்லும் சர்வதேசச் சட்டமான 1977-ஆம் ஆண்டு ஜெனீவா கூடுதல் நெறிமுறையின் 52-ஆம் பிரிவும் இதைத்தான் கேட்கிறது: போருக்கு உதவுகிறதா, அழித்தால் அந்த நேரத்தில் திட்டவட்டமான ராணுவ ஆதாயம் உண்டா. இரண்டுக்கும் 'ஆம்' வர வேண்டும்.

இலக்குகளில் முன்கூட்டியே ஆராய்ந்து பட்டியலில் ஏற்றியவை ஒரு வகை. சண்டைக்கு நடுவே திடீரென்று கண்ணில் படுபவை இன்னொன்று. யோசிக்க நேரம் குறைவு என்பதால் தவறுகளுக்கு அங்கே இடம் அதிகம். எதிரிக்கு அருமையானது எல்லாம் அடித்தால் நமக்குப் பலன் தரும் என்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் ஊரில் பால் பேரிங் (எந்திரங்கள் உராயாமல் சுழல உதவும் எஃகுக் குண்டுகள் கொண்ட பாகம்) ஆலைகளை முடித்தால் எந்திரங்களே நின்றுவிடும் என்று அமெரிக்கர்கள் கணக்குப் போட்டார்கள். 1943 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தார்கள். ஜெர்மனியிடம் கையிருப்பு இருந்தது, ஆலைகளையும் பல ஊர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது தாக்கக்கூடாதவற்றின் பட்டியல்தான். மருத்துவமனை, பள்ளி, கோயில், தூதரகம் எல்லாம் அதில் வரும். அதில் முகவரி சரியாக இருக்க வேண்டும். 1999 மே 7 இரவு, யுகோஸ்லாவியாமேல் நேட்டோ கூட்டணி குண்டு வீசியபோது, அதன் தலைநகர் பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின்மேல் அமெரிக்கக் குண்டுகள் விழுந்து மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். குறிவைத்தது பக்கத்திலிருந்த ஆயுதக் கொள்முதல் அலுவலகத்தை. தூதரகம் இடம் மாறியது எங்கள் கோப்புகளில் திருத்தப்படவில்லை என்றது அமெரிக்கா. சீனா அதை ஏற்கவில்லை. அமெரிக்கா சொன்னதே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், திருத்தாத ஒரு பதிவுக்கு மூன்று உயிர். ஜனவரி 1 காகிதத்தை நான் சடங்காக நினைக்காதது இதனால்தான்.

உங்களிடம் ஒன்றை மறைக்க மனமில்லை. உங்க பக்கத்து விஜயநாராயணத்தில் இருக்கும் கடற்படை நிலையம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது. அது ராணுவ நிலையம், அந்த ஒப்பந்தத்துக்குள் வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஊர்களின் வீடுகளும் அங்கே தூங்குகிற ஜனங்களும் இலக்கு அல்ல. அடிக்க நினைப்பவன் அவர்களையும் கணக்கில் வைத்தாக வேண்டும். கிடைக்கும் ஆதாயத்துக்கு மிஞ்சிய உயிர்ச்சேதம் வரும் என்றால் நேரத்தையோ ஆயுதத்தையோ மாற்ற வேண்டும், அதுவும் முடியாவிட்டால் கைவிட வேண்டும்.